ஒரே தண்ணீரில் ஐந்து கெளுத்தி

ஐப்பசி மாதத்து மத்தியானம் ஒன்றில் இருசம்மாள் தொட்டியை எட்டிப் பார்த்தபோது, பெரிய கெளுத்தியின் வாயிலிருந்து இன்னொரு கெளுத்தியின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். வாலைப் பிடித்து இழுக்கவில்லை. கோமுகி அணையில் மீன் பிடிக்கும் அண்ணன் கந்தசாமியோடு சிறு வயதில் பரிசலில் போனவள் அவள். கெளுத்தியின் முள் உள்ளே போகும்போது படிந்து போகும், வெளியே இழுத்தால் விரிந்துகொள்ளும் என்பது தெரியும். இழுத்தால் இரண்டும் சாகும். அதனால் நனைந்த கோணிப்பை ஒன்றை எடுத்துப் பெரியதன் தலைமேல் போட்டுக் கண்களை மூடி, உடம்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அது உறுமுவதுபோல் ஒரு சத்தம் போட்டது. வாலால் அவள் தொடையில் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே வாயைத் திறந்து, விழுங்கியதைக் கக்கியது. சிறியது பக்கவாட்டில் மிதந்து, செவுளை இரண்டு முறை அசைத்து, மெல்ல நிமிர்ந்தது. இருசம்மாளின் உள்ளங்கையில் முள் கிழித்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனித்ததே படி ஏறிய பிறகுதான்.

அந்தத் தொட்டி மீனுக்காகக் கட்டியதல்ல. வடக்கனந்தலில் முதலாளி வெங்கடேசனின் அப்பா நடத்திய அரிசி ஆலையில், புழுங்கலுக்கு நெல் ஊறவைக்கக் கூரைக்கு அடியில் வரிசையாகக் கட்டிய நான்கு சிமெண்டுத் தொட்டிகளில் அது முதலாவது. ஆலை நின்று நான்கு வருடமாகிறது. பதினெட்டு வருடம் அந்தத் தொட்டிகளில் இறங்கி ஏறிய இருசம்மாளை மட்டும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள வெங்கடேசன் வைத்துக்கொண்டார்.

மீன்கள் அவருடைய ஆசை. சென்னையில் தனசேகரன் என்ற வண்ணமீன் வியாபாரியிடம் இந்த வெளிநாட்டுக் கெளுத்திகளை விரல் நீளத்தில் வாங்கிவந்தார். மூன்று, முதுகு கறுத்து விலாவில் வெள்ளைப் பட்டை ஓடி வால் செம்பருத்திபோல் சிவந்தவை. இரண்டு, மூக்கு தட்டையாக நீண்டு உடம்பெல்லாம் புலிவரி போட்டவை. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு வருடத்தில் ஒன்றரை அடியிலிருந்து மூன்றடிவரை வளர்ந்து, ஒருநாள் கண்ணாடியை உடைத்து ஹாலெல்லாம் தண்ணீராக்கிவிட்டன. அதன் பிறகுதான் ஆலைக்கு வந்தன. வந்த நாளிலிருந்து சண்டை. பெரிய சிவப்பு வால் மற்றவற்றை மோதியே மூலையில் ஒடுக்கியது. ஒன்றின் மீசை அறுந்தது, ஒன்றின் வால் பாதியானது.

கை கிழிந்த அன்று சாயங்காலம் வெங்கடேசன் வந்து பார்த்தார். தனசேகரனுக்குப் போன் போட்டார். ஐந்தையும் ஒன்றாக வைக்கவே முடியாது, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை யாருக்காவது தள்ளிவிடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

"ஞாயித்துக்கெழம டேம்ல வுட்டுறலாம், இருசம்மா. இது ஆவுறதில்ல" என்றார் வெங்கடேசன்.

இருசம்மாள் முதலாளியிடம் எதிர்த்துப் பேசியவள் இல்லை. கையில் கட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"டேம்ல வுட்டா இதுங்க பொழச்சிக்கும் மொலாளி. அங்க இருக்கிற மத்ததுங்கதான் பொழைக்காது. எங்கண்ணன் அங்கதான் வலை போட்டுக்கினு இருக்குது."

"அதுக்கு இன்னா பண்ண சொல்ற?"

"பொங்கல் வரிக்கும் என்கிட்ட வுடுங்க."

அவர் சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாளிலிருந்து இருசம்மாள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தாள். நான்கு நாள் வேறு வேலையே பார்க்கவில்லை. காலையில் மீன்கள் ஓரளவு சும்மா இருந்தன. வெயில் ஏற ஏறச் சண்டை ஏறியது. ஏன் என்று யோசித்து மேலே பார்த்தாள். கூரைத் தகட்டின் பெரிய ஓட்டை வழியாக உச்சி வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்தது. நிழல் மிஞ்சியது ஒரே மூலையில். அங்கே கிடந்ததும் ஒரே சிமெண்டுக் குழாய். ஐந்தும் அந்த ஒன்றுக்காகத்தான் அடித்துக்கொண்டன.

தீனியும் அப்படித்தான். கோழிக்கடைக் கழிவை வாரத்தில் ஒருநாள் கூடையோடு ஒரே இடத்தில் கொட்டுவது வழக்கம். பலம் உள்ளது தின்றது, மற்றது காத்துக் கிடந்தது. அவற்றைவிட முக்கியமான ஒன்றை நான்காம் நாள்தான் கண்டுபிடித்தாள். அகலம் குறைந்த தொட்டியில் அந்த உடம்புகள் திரும்பும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பதை இடித்தன. இடிபட்டது கடித்தது.

கூரை ஓட்டையை அவளே தார் பூசிய சாக்கால் அடைத்தாள். மற்றதற்கு வெங்கடேசனிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. தொட்டிக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தாலும் இந்த அகலம் போதாது, முதல் தொட்டிக்கும் இரண்டாவதற்கும் நடுவில் உள்ள சுவரை இடிக்க வேண்டும் என்றாள். அவர் முகம் மாறியது. அப்பா நின்று கட்டிய சுவர். ஆலையை என்றாவது ஓட்டலாம் என்ற நினைப்பு அவருக்கு உள்ளுக்குள் இருந்தது அவளுக்கும் தெரியும். எனக்கும் இந்தத் தொட்டிதான் பதினெட்டு வருசமா சோறு போட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த நாள் காலை கொத்தனாரோடு அவரே வந்தார். முதல் சம்மட்டி அடியை அவர்தான் போட்டார்.

வேலை முடியும்வரை மூன்றாவது தொட்டியில் மூங்கில் தட்டி வைத்து ஐந்து அறையாக்கி, அறைக்கு ஒரு மீனாக விட்டாள். அது கசியும் தொட்டி. தினமும் இரண்டு வேளை மோட்டார் போட்டு நிரப்பினாள். ஒன்றையொன்று தொட முடியாததால் காயங்கள் ஆறின. சுவர் இடித்த விளிம்பில் புது சிமெண்டுப் பூச்சு. சிமெண்டு காரம் இறங்காமல் நெல்லையே போட மாட்டார்கள், மீனை எப்படிப் போடுவது? மூன்று முறை நிரப்பி, மூன்று முறை திறந்துவிட்டாள். அடியில் ஏழு சிமெண்டுக் குழாய்களை, ஒன்றின் வாய் இன்னொன்றைப் பார்க்காதபடி திருப்பித் திருப்பிக் கிடத்தினாள். ஐந்து மீனுக்கு எதற்கு ஏழு என்று கொத்தனார் கேட்டதற்கு, தோற்றது ஓடி ஒளிய ஓர் இடம் மிச்சம் வேண்டாமா என்றாள்.

கார்த்திகை கடைசியில் மீன்களை மாற்றினாள். அன்று விழுங்கப்பட்டுப் பிழைத்த சின்னப் புலிவரியை முதலில் விட்டாள். பிறகு மற்ற மூன்றையும். பெரிய சிவப்பு வாலை மட்டும் அன்று விடவில்லை. ஒரு நாள் முழுக்க அந்த நான்கும் ஆளுக்கொரு குழாயைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தாள்.

மறுநாள் காலையில் வெங்கடேசன், அவர் மனைவி தேவிப்ரியா, கந்தசாமி மூவரும் வந்து ஓரத்தில் நின்றார்கள். பெரியதைக் கோணிப்பையில் சுற்றித் தூக்கிவந்து இருசம்மாள் தண்ணீரில் நழுவவிட்டாள். அது தொட்டியின் அடியை ஒட்டியே போனது. முதல் குழாயின் வாயில் நின்றது. உள்ளிருந்து புலிவரியின் தட்டை மூக்கு வெளியே வந்தது. இரண்டும் மீசையோடு மீசை உரச நின்றன. கந்தசாமி தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டார். பெரியது ஒரு தள்ளு தள்ளியது. புலிவரி பின்வாங்கி, மறுவாய் வழியாக வெளியேறி அடுத்த காலிக் குழாயில் புகுந்துகொண்டது. பெரியது துரத்தவில்லை. குழாய்க்குள் பாதி உடம்பை நுழைத்துப் படுத்துவிட்டது.

அரைமணி நேரம் அப்படியே நின்றார்கள். ஒன்றுகூட மோதவில்லை. இருசம்மாள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் சின்னச் சின்ன உரசல்கள் இருந்தன. தீனியை நீள மூங்கில் இடுக்கியில் பிடித்து, ஐந்து இடத்தில் தனித்தனியாக, பெரியதற்கு முதலில் கொடுக்கப் பழக்கினாள். அது வாய் நிறைய விழுங்கிக்கொண்டிருக்கும்போதே மற்ற நான்கும் தின்று முடித்துவிடும். அறுந்த மீசை மறுபடி வளர்ந்தது. பாதி வாலும் ஓரளவு நிறைந்தது.

பொங்கலுக்கு மறுநாள் தனசேகரன் சென்னையிலிருந்து வந்தார். நம்பாமல்தான் வந்திருந்தார். ஆலைக்குள் ஊரே கூடியிருந்தது. இருசம்மாள் புதுப்புடவையைச் சொருகிக்கொண்டு தொட்டி ஓரத்தைச் சுற்றி நடந்து, சுவரில் இடுக்கியால் தட்டினாள். ஐந்து தலைகளும் ஐந்து இடத்தில் மேலே வந்தன. ஓர் ஆள் தலை அகலத்துக்கு வாய்கள் திறந்து மூடின. தண்ணீர் தெறித்து முன்வரிசையில் இருந்தவர்கள் நனைந்தார்கள். பெரிய சிவப்பு வால் தின்றுவிட்டுத் திரும்பும்போது சின்னப் புலிவரியை உரசிக்கொண்டு போனது. அது நகரக்கூட இல்லை.

கந்தசாமி அந்த வாயின் அகலத்தைப் பார்த்துவிட்டு, இது டேமில் இருந்திருந்தால் தான் இந்நேரம் பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போயிருக்க வேண்டும் என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தனசேகரன் சிரிக்கவில்லை. முப்பது பேருக்காவது இது முடியாது என்று தான் சொல்லி அனுப்பியிருப்பதாகச் சொல்லி, எப்படிச் செய்தீர்கள் என்று வெங்கடேசனிடம் கேட்டார்.

"எனக்கு இன்னா தெரியும்? தொட்டி அவங்களுது. அவங்களயே கேளுங்க" என்றார் வெங்கடேசன்.

இருசம்மாள் வெட்கப்படவில்லை. நிழலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். தனசேகரன் போனில் குறித்துக்கொண்டே வந்தார். கிளம்பும்போது அவளுடைய நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

மாசி மாதத்தில் அந்த நம்பருக்கு ஒரு போன் வந்தது. சங்கராபுரத்தில் ஒரு டாக்டர். அவர் வீட்டுக் கெளுத்தி தொட்டியை மீறி வளர்ந்துவிட்டதாம், ஆற்றில் விட மனம் வரவில்லையாம், உங்களிடம் கொடுக்கலாம் என்று தனசேகரன் சொன்னாராம்.

இருசம்மாள் இடுக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனை வாகாகக் காதில் பிடித்துக்கொண்டாள்.

"எவ்ளோ நீளம்னு மொதல்ல அளந்து சொல்லுங்க சார்" என்றாள். "கூட இருக்கிறதுங்களுக்கும் தோதுப்படணும் இல்ல?"