வெந்நீர்த் துணி

வியாழக்கிழமை காலையில் கழிவறைத் தரை ஈரமாக இருந்தது. முதல் நாள் மழை பெய்திருந்ததால், மேல்தட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன். மழைத் தண்ணீர் அந்த நிறத்தில் இருக்காது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, தரைப்பலகையைத் தூக்கி, டார்ச் அடித்தேன். கையால் அடிக்கும் பம்ப்பின் பின்பக்கம், கழிவுக் குழாய் வந்து சேரும் இடத்தில், சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் கழிவறை ஒழுகினால் பிளம்பருக்குச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். நான் குடியிருப்பது பதினொரு மீட்டர் படகில். அடுப்பிலிருந்து கழிவறைக்கு நான்கு எட்டு, கழிவறையிலிருந்து படுக்கைக்கு இரண்டு எட்டு. எந்தக் கதவைச் சாத்தினாலும் நானும் அதுவும் ஒரே இடத்தில்தான். முப்பத்தோரு வருஷம் கப்பல் என்ஜின் ரூமில் ஃபிட்டராக இருந்தவன். ஓய்வு பெற்றபின் கரையில் தூக்கம் பிடிக்கவில்லை. இந்தப் படகை வாங்கி, படகுத்துறையில் கட்டிப்போட்டுக் குடியேறிவிட்டேன். கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை என்று கேட்பவர்களிடம் சொல்வேன். பெண் கிடைக்கவில்லை என்பதுதான் நிஜம்.

மிச்சமிருக்கும் ஒரே சொந்தம் தங்கை. அவளும் திங்கட்கிழமை விமானம் ஏறுகிறாள், மகளோடு போய் இருக்க. திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவதாகச் சொன்னாள். ஆனால் படகுக்கு இல்லை, பஸ் நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் டீக்கடைக்கு.

அதற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரே ஒரு தடவை படகுக்கு வந்தாள். பத்து நிமிஷம்கூட உட்காரவில்லை. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே, "அண்ணா, உன் வீடு நாறுது," என்றாள். தினமும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் வீடு. எனக்குச் சுருக்கென்றது. "உனக்கு இங்க வரப் பிடிக்கலைன்னா நேரா சொல்லு. நாத்தம்னு சாக்கு சொல்லாத. பளிங்குத் தரையில நடக்கிறவளுக்குப் பலகை நாறத்தான் செய்யும்," என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். அவள் எழுந்து போய்விட்டாள். பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை போன். அதிலும் உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்பதோடு சரி.

சொல்வதற்கென்ன, அவளை ஒரு தடவையாவது இந்தப் படகில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. என் சொந்தம் என்று யாராவது என் வீட்டில், என் கோப்பையில், ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அது இனி நடக்காது. அந்த நேரம் பார்த்து இந்த ஒழுகல்.

முதல் வேலை, கடல் தண்ணீரை உள்ளே விடும் வால்வை மூடுவது. அதை மறந்துவிட்டுக் குழாயைக் கழற்றி, படகையே மூழ்கடித்த மகானுபாவர்கள் இருக்கிறார்கள். மூடினேன். கழிவு சேரும் தொட்டிக்குப் போகும் வால்வையும் மூடினேன். இடுக்கில் பழைய துணிகளை அடைத்து, கீழே தட்டு வைத்து, குழாயை இறுக்கியிருந்த இரண்டு வளையங்களையும் தளர்த்தினேன். ஒன்று துருப்பிடித்துக் கையோடு வந்தது. குழாய் மட்டும் அசைவேனா என்றது. கெட்டிலில் வெந்நீர் வைத்து மேலே ஊற்றி, இளகியதும் முறுக்கி இழுத்தேன். வந்தது. அதற்குள் இருந்ததும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கப்பலில் கற்ற வார்த்தைகளை எல்லாம் ஒரு சுற்றுச் சொல்லி முடித்தேன். கேட்க ஆள் இல்லாததால் அதிலும் பாதிச் சுகம்தான்.

குற்றவாளி உள்ளே இருந்தது. கழிவு திரும்பி வராமல் தடுக்கும் ரப்பர் வால்வு, வாத்தின் அலகு மாதிரி இருப்பது, காய்ந்து விறைத்து விளிம்பில் கிழிந்திருந்தது. அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு படகுச் சாமான் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு பென்சிலால் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் புதியதை எடுத்துக் கொடுத்தார். "குழாய் எத்தன வருஷம் ஆச்சு சார்?"

"குழாய்க்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாத மாதிரிதான் இருக்கும். உள்ள ஊறிப்போச்சுன்னா ஒழுகாமலே நாறும். வெந்நீர்ல ஒரு துணிய நனைச்சு, புழிஞ்சு, குழாய் மேல சுத்தி வைங்க. பத்து நிமிஷம் கழிச்சு, ஆறினதும் துணிய மோந்து பாருங்க. துணி நாறினா குழாய் போச்சுன்னு அர்த்தம்."

நாற்றத்தைப் பற்றி யார் பேசினாலும் எனக்குத் தங்கை பேசுவது போலவே கேட்கும். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில். "எனக்கு வால்வு மட்டும் போதும்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலத்துக்குள் புது வால்வு, புது வளையங்கள் எல்லாம் பூட்டியாகிவிட்டது. துணிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கலந்து, கழிவறையில் ஊற்றி, ஐம்பது தடவை பம்ப் அடித்தேன். இணைப்பு ஒவ்வொன்றையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன். ஒரு பொட்டு நீலம் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் கையைக்கூடக் கழுவாமல் தங்கைக்குப் போன் போட்டேன்.

"கழிவறை ஒழுகிச்சு. சரி பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை படகுக்கே வந்துடு."

"அண்ணா, நான் அன்னைக்கு வந்தப்போ ஒழுகவே இல்ல. அப்பவே நாறிச்சு."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

"நான் ஒண்ணும் ஆரம்பிக்கல. டீக்கடையில பாக்கலாம். பத்து மணிக்கு வந்துடு, சரியா?" வைத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் வெந்நீர் வைத்தேன். கடைக்காரர் சொன்னதைச் செய்வதற்காக இல்லை, தங்கையின் வாயை அடைப்பதற்காக. துணியை நனைத்துப் பிழிந்து குழாயைச் சுற்றிக் கட்டினேன். பத்து நிமிஷம் கழித்து அவிழ்த்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. ஈரத் துணி, அவ்வளவுதான். மூக்கை அதில் புதைத்து இழுத்தேன். சுத்தம். அப்போதே அவளுக்குப் போன் போட்டிருப்பேன். ஆனால் என் பேச்சை நம்பமாட்டாள், சாட்சி வேண்டும். துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்துகொண்டு துறை வாசலுக்குப் போனேன்.

அங்கே இருக்கும் காவலாளிக்கு என்னிடம் ரொம்ப மரியாதை. எப்போது பேசினாலும் மூன்று பலகை தள்ளி நின்றுதான் பேசுவார். அன்றும் நான் வருவதைப் பார்த்து எழுந்து தள்ளி நின்றார்.

"இத மோந்து பாத்து உண்மையச் சொல்லுங்க," என்று பையை நீட்டினேன்.

முடிச்சை அவிழ்த்தவர் முகத்தைச் சடாரென்று திருப்பினார். பை கைநீளத்துக்குப் போயிற்று. கண்ணில் தண்ணீர். "காலங்காத்தால ஏன் சார்?"

"நாறுதா?"

"நாறுதாவா?" விளையாடுகிறேனோ என்று என்னை உற்றுப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. அந்த மாற்றத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "சார், உங்களுக்குத் தெரியலையா?"

பையை வாங்கி மறுபடியும் முகர்ந்து பார்த்தேன்.

"உங்களுக்குப் பழகிப்போச்சுன்னு நெனச்சோம் சார். தனியா இருக்கீங்க, சொன்னா சங்கடப்படுவீங்கன்னு யாரும் சொல்லல."

யாரும் என்றார். அப்படியானால் எல்லோரும்.

படகுக்குத் திரும்பி, கையில் கிடைத்ததையெல்லாம் முகர்ந்தேன். டீசல் கேன். சோப்பு. வினிகர் பாட்டில். புதிதாகப் பிரித்த காபித் தூள். எல்லாமே காற்றுதான். வினிகர் மட்டும் மூக்குக்குள் கொஞ்சம் எரிந்தது, வாசனை இல்லை. இது எப்போது போயிற்று என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. பால் பொங்கித் தீய்வதைக் கண்ணால் பார்த்துத்தான் அடுப்பை அணைத்திருக்கிறேன். 'ஏதோ தீயுதே, பாரு' என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்க இன்னொரு ஆள் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருக்கும். வயசானவனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று விடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்தக் காலி இருக்கைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அழுதேன். அறுபத்தாறு வயசில், கையில் காபி டப்பாவை வைத்துக்கொண்டு.

பிறகு போன் போட்டேன்.

"நீ அன்னைக்குச் சொன்னது சரி. நான் பேசினது தப்பு. என் மூக்கு செத்துப்போச்சு, எனக்கு எந்த வாசனையும் தெரியல."

"எப்போலேர்ந்து?" என்றாள்.

"தெரியல. பக்கத்துல சொல்றதுக்கு யாரும் இல்லையே."

"அண்ணா..."

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காத. என் மேலயும் நாறுமா?"

"ஆமா," என்றாள். குரல் உடைந்திருந்தது. "டீக்கடைல வெளிய பெஞ்ச் இருக்கும், காத்து வரும். அதான் அங்க வரச் சொன்னேன்."

என்னைப் பார்க்காமல் போய்விட அவள் நினைக்கவில்லை. காற்று வரும் இடமாகத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாக் குழாயையும் மாத்திடறேன். வந்து பாரு. முடியலைன்னா டீக்கடைக்கே போயிடலாம்," என்றேன். "சரி, வரேன்," என்றாள்.

கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் ஆறு மீட்டர் புதுக் குழாயை அளந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை பாதியும் சனிக்கிழமை முழுக்கவும் அதற்கே போயிற்று. அலமாரிப் பலகையைக் கழற்றி, சுவருக்குப் பின்னால் கையை நுழைத்து, ஏறி வளைந்து இறங்கும் பழைய குழாயைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தேன். முழங்கை இரண்டும் உரிந்துவிட்டது. தரையடியைச் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன், எத்தனை தடவை என்று தெரியாது. போதும் என்று சொல்லத்தான் எனக்கு மூக்கு இல்லையே. மெத்தையைத் தூக்கிப் போட்டேன். சட்டைகளை எல்லாம் சலவைக்குக் கொடுத்து, புதிதாக ஒன்று வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தங்கை வந்தாள். பருத்திருந்தாள், முட்டி வலியால் தாங்கித் தாங்கி நடந்தாள். பலகையிலிருந்து படகுக்குக் கால் வைக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். என்னை யாராவது தொட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. உள்ளே இறங்கி, நடுவில் நின்று, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பரீட்சை எழுதியவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"உள்ளதச் சொல்லு," என்றேன்.

"ரொம்பக் கொறைஞ்சிருக்கு அண்ணா." கண்ணைத் திறந்தாள். "ஆனா கொஞ்சம் இருக்கு."

பழைய ஆளாக இருந்தால் குதித்திருப்பேன். "எங்க?" என்றேன்.

"கோவம் வரலையா உனக்கு?"

"கோவப்பட்டா மூக்கு திரும்பி வந்துடுமா? எங்கேருந்து வருதுன்னு சொல்லு."

"அது எப்படித் தெரியும்? எங்கேயோலேர்ந்து வருது."

கெட்டிலை அடுப்பில் வைத்தேன். முதலில் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். மிச்ச வெந்நீரில் துணிகளை நனைத்து, குழாய் குழாயாகச் சுற்றிக் கட்டினேன். அவள் படியில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டே, நான் அவிழ்த்துத் தரும் துணிகளை முகர்ந்தாள். பம்ப் பக்கத்துக் குழாய்: "இல்ல." சுவர்ப் பக்கம்: "இல்ல. சோப்பு வாசன வருது." தொட்டிக்குப் போவது: "இல்ல." கட்டிலடியில் ஒரு மெல்லிய குழாய், தொட்டியிலிருந்து காற்றை வெளியே விடுவது. அந்தத் துணியை வாங்கியவள் டீயைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதான்! இதேதான்!" பிறகு சிரித்தாள். "முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராம். தான் படுக்கிற கட்டிலுக்கு அடியில இருக்கறத விட்டுட்டாராம்."

நானும் சிரித்தேன். மிச்சமிருந்த புதுக் குழாயில் அதற்கு ஏற்ற துண்டு இல்லை. நாளைக்குத்தான் வாங்க வேண்டும். நாளைக்கு அவள் இருக்கமாட்டாள்.

இப்போதைக்கு அந்தக் குழாய் முழுவதையும் பிளாஸ்டிக்கால் சுற்றிக் கட்டிவிட்டு எழுந்தேன். அவள் கோப்பையில் டீ தீர்ந்திருந்தது. பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"அவ்ளோதானா? வேற குழாய் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு," என்றேன்.

அவள் பையை இறக்கி வைத்தாள். சமையல் மேடைக்கு அடியில் குனிந்தேன். அங்கே இருந்தது குடிதண்ணீர்க் குழாய். அது நாறாது என்று எனக்குத் தெரியும். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அதைச் சுற்றி நிதானமாகக் கட்டினேன். ஆற எப்படியும் பத்து நிமிஷம் ஆகும்.