மூன்றாவது கட்டம்

வீடு வீடாக ஏறி இறங்கியதில் அபோண்டிக்குக் கால் இரண்டும் விட்டுப்போயிருந்தன. ஏரி பெருகிக் கரையோர வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. மேட்டில் கட்டும் குடியிருப்புக்குப் போகச் சம்மதமா என்று கேட்டு எழுதுவது அவள் வேலை. படிவத்தில் மூன்று கட்டங்கள்: ஆம், இல்லை, ஆம்பிவலன்ட்.

அந்தக் கடைசி ஆங்கிலச் சொல் அவளுக்குப் பிடித்துப்போனது. போகவும் வேண்டும், போகவும் முடியாது. நம் லுவோ மொழியில் அதை இரண்டு மனசு என்போம். வெள்ளைக்காரனும் இப்படித் தவித்திருக்கிறானே என்று ஓர் ஆறுதல். விதவை ரிஸ்பாவுக்கு வாசலில் தண்ணீர், கொல்லையில் புருஷனின் புதைகுழி. அவளுக்கு வேறெதில் டிக் அடிப்பது? இப்படியே முப்பது வீடு.

மேற்பார்வையாளர் முடிஸ்யா படிவக் கட்டைப் புரட்டினார். "பிரமாதம் மேடம். மூணாவதையும் ஆம்ல சேர்த்துரலாம்."

"அவங்க சரின்னு சொல்லலையே சார்?"

"வேண்டாம்னும் சொல்லலையே. உங்க வீட்டுப் படிவம்தான் பாக்கி. காலையில எல்லாம் நைரோபி போகணும்."

அபோண்டி சரிபார்த்துத் தருவதாகச் சொல்லிக் கட்டை வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் கணவன் ஒகோலா வாளியால் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தான். "அவூர் அம்மா, நமக்கு என்ன போட்டே?"

மகள் அவூர் இறந்துபோய் இரண்டு வருஷம். நாலு வயசுக்காரி, சமையலறைக்குப் பின்னால் கிடக்கிறாள். தண்ணீர் அங்கே போக இன்னும் ஒரு சாண்தான்.

"எனக்கு ரெண்டு மனசு."

"எனக்கும்தான். மூணாவதுல போட்டுரு."

"அதுல போட்டா சரின்னு எடுத்துக்குறாங்க."

ஒகோலா வாளியைக் கீழே வைத்தான்.

"இல்லைன்னு போடு," என்றான். "தண்ணி ஏறினா நாமளே போவோம். பிள்ளைய விட்டுட்டு வர்றேன்னு கையெழுத்துப் போட என்னால ஆகாது."

போட்டாள். அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தேதான் போட்டாள். பிறகு வெற்றுப் படிவங்களை எடுத்துக்கொண்டு மறுபடி சேற்றில் இறங்கினாள். முதல் வீடு ரிஸ்பாவுடையது.

"திரும்பவும் என்னடி?"

"ரெண்டு மனசுன்னு எழுதினா ஏத்துக்க மாட்டாங்களாம், அம்மா. ஒண்ணைச் சொல்லுங்க."

"நீ எதைச் சொன்னே, அவூர் அம்மா?"

அபோண்டி வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

ரிஸ்பா ஈரம் படாத முக்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. நின்னுக்கிட்டே சொல்ற பதிலா இது?"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இன்னும் இருபத்தொன்பது வீடு பாக்கி. அபோண்டி உட்கார்ந்தாள்.