எலுமிச்சை மரத்தடிச் செம்பு

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா எனப்படும் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றுத் தருமபுரத்துக்கு வந்த கோவிந்தராசு, ஒருநாள் கொல்லை எலுமிச்சை மரத்தடியில் ஒரு சாக்கைப் புதைத்தார். அதன்பிறகு காய் பறிக்கக்கூட மனைவி அஞ்சுகத்தை அந்தப் பக்கம் விடவில்லை. சாக்கில் தங்கம்தான் இருக்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். எவளுக்காகவோ வைத்திருக்கிறார். இல்லாவிட்டால் கட்டிய பெண்டாட்டியிடம் மறைப்பானேன்?

1979 தை மாதம் அவர் பாண்டிச்சேரிக்குப் போன அன்று மண்வெட்டியை எடுத்தாள். சாக்குக்குள் இருந்தது வெறும் செம்புக் கம்பிச் சுருள். இதற்கா இத்தனை காவல்! ஆத்திரத்தில் தெருவில் போன பழைய பாத்திரக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் வந்தவர் குழியைப் பார்த்ததும் கம்பி எங்கே என்று கேட்டார். பாத்திரக்காரனிடம் கொடுத்துவிட்டேன் என்றாள்.

"பிரெஞ்சுக்காரன் பாலைவனத்துல அணுகுண்டு வெடிச்சுப் பாத்த எடத்துக் கம்பிடி அது. எடத்தைச் சுத்தம் பண்ணணும்னு எல்லாத்தையும் மண்ணுல புதைக்கச் சொன்னாங்க. நான் ஒரு சுருளைத் திருடிக்கிட்டு வந்தேன். கூட வேல பாத்தவனுக்கு ரத்தத்துல நோவுன்னு தெரிஞ்சதும் பயந்து புதைச்சேன்."

அஞ்சுகம் நம்பவில்லை. தங்கத்தை வேறெங்கோ மாற்றிவிட்டுக் கதை விடுகிறார்.

"பாத்திரக்காரன் அதை என்ன பண்ணப் போறானாம்?" என்றார்.

"உருக்கிக் குடம் பண்ணுவாங்களாம். செம்புக் குடத்துத் தண்ணி ஒடம்புக்கு நல்லதுங்க. நமக்கு ஒண்ணு சொல்லியிருக்கேன். முழுகாம இருக்குற நம்ம பொண்ணுக்கு ஒண்ணு."