வாளிக்கு இரண்டு மேலாளர்கள்

சுதந்திரம் வந்த புதிதில் திருவொற்றியூர் வாளிப் பட்டறைக்கு இரண்டு மேலாளர்கள் வந்தார்கள். எண்ணிக்கைக்காரர் தினம் நூறு வாளி கேட்டார். தரக்காரர், ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொன்னார். இரண்டும் நடந்தால்தான் மேஸ்திரி எத்திராஜுக்கு வேலை நிரந்தரம்.

எத்திராஜ் பட்டறைக் குழாயைத் தெருப் பெண்களுக்குத் திறந்துவிட்டு, புது வாளிகளையும் கொடுத்தான். “தண்ணி புடிச்சினு போங்க. ஒழுவுனா சொல்லுங்க.”

மாலையில் ஒழுகிய வாளிகள் மட்டும் திரும்பின. மேலாளர்கள் முதன்முறையாக ஒத்துப்போனார்கள்: ஆளை அனுப்பிவிடலாம்.

செய்தி கேட்டு, எதிர்வீட்டு நீலா தெருவையே திரட்டிவந்து வாளிகளை இறக்கினாள். “நல்லா கீதேன்னு வச்சிக்கினோம் நைனா. அதுக்குன்னு ஒன் வேலைய வுட முடியுமா?”

அவசரத்தில் யாரோ வீட்டுப் பழைய வாளியையும் சேர்த்திருந்தார்கள். எண்ணிக்கைக்காரர் அதையும் எண்ணிக்கொண்டார். தரக்காரர் அதற்கும் சான்றளித்தார். எத்திராஜுக்கு வேலை நிரந்தரமாயிற்று.