ஆறு மணிக்குப் பூட்டிய கதவு

டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சார்ட்டர் பள்ளி ஒரு பல்கலைக்கழகம் தந்த உரிமத்தோடு அரசுப் பணத்தில் ஓடியது; நடத்தியது ஊர்க்காரர்கள் ஐந்து பேர் கொண்ட வாரியம். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். தலைவி லொரைன் பெட்வே பகலெல்லாம் தபால் பையைச் சுமப்பவள். சட்டம் என்றால் அவளுக்குப் பயம். வாரியத்தில் மூன்று பேர் சேர்ந்து பள்ளியைப் பற்றிப் பேசினாலே அது கூட்டமாகிவிடும், கூட்டமென்றால் ஊருக்கு அறிவித்தாக வேண்டும். அதனால் ஞாயிறு தேவாலயத்தில் மூன்றாவது உறுப்பினர் பக்கத்தில் வந்து நின்றால் உடனே முட்டிவலி, மழை என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு கதவு வினையாக வந்தது.

பிள்ளைகளின் பாதுகாப்புக்காக வாசற்கதவு மாலை ஆறு மணிக்குத் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஒரு விதி. வாரியம் கூடும்போது யார் வேண்டுமானாலும் உள்ளே வர முடிய வேண்டும் என்பது இன்னொரு சட்டம். கூட்டமோ ஆறரைக்கு. வழக்கமாகக் கதவைத் திறந்துவைக்கும் காவலாளிக்குக் குளிர்காலத்தில் ஒரு கூட்டத்தன்று காய்ச்சல். உரிமத்தைப் புதுப்பிக்கும் தீர்மானத்துக்கு ஐந்து பேரும் கை தூக்கினார்கள். லொரைன் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். கதவு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வெளியே பனியில் நின்று தட்டிக்கொண்டிருந்தவள் ரெனிட்டா. முதியோர் இல்லத்தில் வேலையை முடித்துவிட்டு ஓடி வந்திருந்தாள். அவள் மகள் இரண்டு பள்ளிகளில் வேண்டாமென்று தள்ளப்பட்டு, இங்கே வந்துதான் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றிருந்தாள். உரிமம் வேண்டும் என்று பேசத்தான் ரெனிட்டா வந்ததே. கை மரத்துப்போகும்வரை தட்டிவிட்டு, பூட்டிய கதவைப் படமெடுத்து, 'எங்களை வெளிய நிக்க வெச்சுட்டு உள்ள முடிவு பண்றாங்க' என்று இணையத்தில் போட்டாள். ஆத்திரத்தில் செய்தது, மறுநாளே மறந்தும் போனாள்.

குளிர்காலம் முடிந்த பிறகு, உரிமம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் ஹால்வர்சன், லொரைனை அழைத்து அந்தப் படத்தைக் காட்டினார்.

"பூட்டின கதவுக்குள்ள போட்ட ஓட்டு செல்லாதுங்க, மிஸஸ் பெட்வே."

"திரும்பப் போடுறோம். இன்னிக்கே அறிவிப்பு ஒட்டிடுறேன்."

"புதுப்பிக்கக் கடைசித் தேதி தாண்டிடுச்சே. இத்தனை பள்ளிக்குத்தான் உரிமம்னு ஒரு அளவு இருக்கு. உங்க உரிமத்தை வாங்கிப் பள்ளி நடத்த ஒரு கம்பெனி ஏற்கெனவே கேட்டு நிக்குது."

"கதவைப் பூட்டச் சொன்னதும் சட்டம்தானே?"

"அது வேற ஆபீஸ்ங்க."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்தாவது மனம் ஆறியிருக்கும்.

பள்ளியைக் கலைக்கவும் கூட்டம் போட்டாக வேண்டும். ஜூன் மாதம் போட்டார்கள். இந்த முறை கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் திறந்துவைத்திருந்தார்கள். வெக்கையும் கொசுவும் தடையில்லாமல் உள்ளே வந்தன. ஊரார் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். அவர்கள் கேட்பதற்கு வாரியம் அங்கேயே பதில் சொல்லக்கூடாது என்பது விதி. மனிதர்களை முகத்துக்கு நேரே ஊமையாகப் பார்க்கவைக்கும் அந்த விதியை லொரைன் என்றுமே வெறுத்தாள்.

ரெனிட்டா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மிஸ் லொரைன், அந்தப் படத்தை அழிச்சுட்டேன். வேணும்னா நான் பொய் சொன்னேன்னு எழுதிக் குடுக்குறேன். கோவத்துல போட்டது அது." குரல் இறங்கியது. "உன்னாலதான் மூடுறாங்களாமான்னு என் பொண்ணு கேக்குறா. என்னாலயா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

எல்லோரும் லொரைனைப் பார்த்தார்கள். விதியை மீறினால் இனி யார் எதைப் பிடுங்கிவிடப் போகிறார்கள்? கதவைப் பார்த்திருக்க வேண்டியவள் நான்தான் என்று அந்தப் பிள்ளையின் காதில் விழும்படி சொல்லியிருக்கலாம். ஆனால் பதில் சொல்லக்கூடாது என்று விதி இருக்கிறதே என்ற நினைப்பில் நெஞ்சு லேசானது. அந்த லேசை உணர்ந்ததும் அவளுக்குத் தன்னையே பிடிக்காமல் போயிற்று.

"மூணு நிமிஷம் முடிஞ்சிடுச்சும்மா," என்றாள். "அடுத்து யாரு?"