மக்கீன் காக்கா போட்ட பதில்

கல்முனையில் அப்போது இன்டர்நெட் என்றால் மக்கீனின் கொமியூனிகேஷன் கடைதான். ஊருக்கே ஒரு ஈமெயில் முகவரி, அதுவும் அவர் பெயரில். வருகிற கடிதங்களை அவரே வாசிப்பார், கட்டாரிலுள்ள மாப்பிள்ளைமாருக்கு அவரே பதிலும் போடுவார். சனத்துக்கு அது பெரிய உதவி. கணித ஆசிரியை றாஹிலாவுக்கோ தீராத தலையிடி.

றாஹிலா ஒரு பூட்டுச் செய்திருந்தாள். இன்டர்நெட்டில் பூட்டி அனுப்பும் இரகசியங்களை இன்று யாராலும் திறக்க முடியாது. குவாண்டம் கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்துவிட்டால், இன்று களவாகப் பிடித்து வைத்ததையெல்லாம் அது திறந்துவிடும். அதற்கும் அசையாத கணக்கு அவளுடையது. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு அதைத் தபாலில் அனுப்பியிருந்தாள். அவர் ஒரு வசனத்தை அந்தக் கணக்கால் பூட்டி ஈமெயிலில் அனுப்புவார். அவள் திறந்து, என்ன வசனமென்று எழுதினால் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம். இன்னும் பிறக்காத கள்ளனுக்குப் பூட்டா என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பாடசாலை விட்டதும் தினமும் கடைக்குப் போனாள். கடிதம் எதுவும் வரவில்லை என்றே மக்கீன் சொல்லிவந்தார். அன்றைக்குப் போனபோது கடைக்குள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். கட்டாரிலுள்ள மகனோடு போனில் பேசக் காத்திருந்த சபியா உம்மா அவள் தலையைத் தடவினார்.

"கவலப்படாத மகள், அல்லாஹ் வேற இடம் தருவான்."

அவளைத் தவிர எல்லோரும் கடிதத்தை வாசித்திருந்தார்கள்.

விளங்கவில்லை என்று நீங்களே பதில் போட்டதால் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறேன் என்று பேராசிரியர் எழுதியிருந்தார்.

மக்கீன் எதையும் மறைக்கவில்லை. முன்பு ஒருநாள் பக்கம் பக்கமாக வெறும் இலக்கங்கள் வந்தனவாம். அதை ஒரு கடிதமென்று அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. யுத்த காலத்தில் அந்தத் தாள்களோடு ஒரு பெண்பிள்ளை சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆமிக்காரன் என்ன நினைப்பான்? அழித்துவிட்டார். விளங்கவில்லை, ஒழுங்கான இங்கிலீசில் அனுப்புங்கள் என்று அவள் பெயரிலேயே பணிவாகப் பதிலும் போட்டுவிட்டார்.

றாஹிலாவுக்கு ஆத்திரம் பொங்கியது. இந்த மனுசனை ஏசவும் மனம் வரவில்லை, ஏசாமல் இருக்கவும் முடியவில்லை.

"விளங்காமப் போகணும் எண்டுதானே காக்கா அதப் பூட்டினது?"

மக்கீனின் முகம் வாடிவிட்டது. "என்ட பிழைதான் தங்கச்சி. இப்பவே எழுதி மன்னிப்புக் கேக்கிறன்."

அவரை எழுப்பிவிட்டு அவளே கதிரையில் உட்கார்ந்தாள். முன்பு வந்த பதில் என்னுடையதல்ல, றாஹிலா நான்தான் எழுதுகிறேன், தயவுசெய்து இன்னொருமுறை அனுப்புங்கள் என்று விறுவிறுவென அடித்தாள். அனுப்பப் போன விரல் அப்படியே நின்றது. இதுவும் அதே முகவரியிலிருந்து, அதே பெயரில்தான் போகப்போகிறது. எது மக்கீன், எது றாஹிலா என்று பேராசிரியர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?