ஊசிக்கரை துரையின் வாய் நிறைய வெற்றிலை

1

இந்தக் கதை ஒரு படிக்கத்தில் பிறந்தது. வெற்றிலை எச்சில் துப்புகிற பித்தளைப் பாத்திரம்தான், வேறொன்றுமில்லை. ரங்கூன் லான்மடாவில் ஹாஜரா அம்மாளின் பழைய பாத்திரக் கடையில் அதைக் கையிலெடுத்தேன். "சட்டசபை மெம்பர் வூட்டுது தம்பி. ஊசிக்கரை ஜமீன் வம்சம்," என்றார். போன மாதம் இதே அம்மாள்தான் ஒரு தேய்ந்த கரண்டியை மாந்தலே அரண்மனைக் கரண்டி என்று என் தலையில் கட்டியவர். நான் நம்பவில்லை. ஆனாலும் வாங்கிவிட்டேன். ஒரு கதையாவது தேறாவிட்டால் வீட்டில் என்ன பதில் சொல்வது?

2

முதல் தொடக்கம்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநான்கில், ரங்கூன் நகரத்து ஐராவதியின் மீது பொன்னொளி பரவிய வேளையில்—'

(அடித்துவிட்டேன். ரங்கூனில் ஓடுவது ஐராவதியே அல்ல.)

இரண்டாவது தொடக்கம்: 'ஊசிக்கரை ஜமீனின் இளைய துரை குழந்தைவேலு, பேசாமலே பெயர் வாங்கியவர்.' இது தேவலாம்.

ஜமீன் அண்ணனுக்குப் போயிற்று. தம்பிக்கு ரங்கூனில் சில வீடுகளும் குடும்ப மீசையும் கிடைத்தன. பர்மா சட்டசபைக்கு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய தொகுதி ஒன்றில் நின்றார். எதிர்த்து நிற்க வேண்டியவர் மனுக் கொடுக்கும் நாளில் நடுக்கடலில் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் துரை மெம்பரானார். முதல் வருஷம் முழுக்க அவர் சபையில் வாய் திறக்கவில்லை. ஊசிக்கரை தர்பாரில் துரைமார் பேசுவது வழக்கமில்லை. காரியஸ்தர் பேசுவார், துரை வெற்றிலை மென்றபடி தலையாட்டுவார். பத்திரிகைக்காரர்கள் இதை ஆழ்ந்த நிதானம் என்று எழுதினார்கள்.

3

(தைலம்மாள் வேண்டுமா என்று ரொம்ப யோசித்தேன். இது சிரிப்புக் கதை. அவள் வந்தால் சிரிப்பு குறையும். வெட்டினேன். இட்லிக் கூடையோடு திரும்பி வந்துவிட்டாள்.)

தைலம்மாள் குடியிருப்பது ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். இட்லி விற்பது அந்தப் பக்கம், ரயில்வே கூலிகளின் லயன் வீடுகளில். நடுவே பாலம் கிடையாது. நிற்கிற வேகன்களுக்கு அடியில் குனிந்து போக வேண்டும். அப்படிப் போன அவள் தங்கை அம்சவேணிக்கு இப்போது ஒரு கால் இல்லை.

"மனுப் போடுமுன்ன ஓட்டுக் கேக்க வந்தப்ப பாலம் போடுவோம்னு சொன்னது ஒங்க காரியஸ்தரு," என்றாள் தைலம்மாள், துரை வீட்டு வாசலில் நின்று. "தலைய ஆட்டுனது நீங்க தொரை."

பக்கத்தில் அம்சவேணி ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தாள். துரைக்குச் சுருக்கென்றது. ஊசிக்கரையில் பேச்சு தவறியதுண்டு, தலையாட்டல் தவறியதில்லை. தண்டவாளத்துக்கு மேலே நடைபாலம் வேண்டும் என்று அன்றே தீர்மானம் எழுதிக் கொடுத்தார். அவருக்கு அது உண்மையாகவே வேண்டியிருந்தது. அந்த ஊன்றுகோல் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

4

இனி ஊசிக்கரை வழக்கம். ஒருவர் நீட்டிய வெற்றிலையை வாங்கி அவர் முன்னாலேயே மென்றால், நீட்டியவர் வாக்குக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். மென்றவர் அதைத் தன் வீட்டுப் படிக்கத்தில்தான் துப்பலாம். வேறெங்கு துப்பினாலும் வாக்கு முறிந்தது.

பர்மாக்காரர் வழக்கம் வேறு. பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் வெற்றிலைப் பெட்டியை நீட்டுவார்கள். வெறும் உபசாரம். இதைத் துரைக்கு யாரும் சொல்லவில்லை. (நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் கதை அங்கேயே படுத்துவிடும்.)

தீர்மானம் வந்த நாள் காலை, சபைத் தாழ்வாரத்தில் ஊ போ தெய்ன் என்ற பர்மிய மெம்பர் பெட்டியைத் திறந்து நீட்டினார். துரைக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு வோட்டு. வாங்கி மென்றார். அடுத்தவர் நீட்டினார். அதையும் மென்றார். வாய் திறந்து கேட்காமலே வோட்டு விழுகிறதே என்று கண் கலங்கியது. எதையும் துப்பாமல், விழுங்காமல், கன்னத்தில் ஒதுக்கி ஒதுக்கிச் சேர்த்தார்.

படிக்கம் வந்து சேர்வதற்குள் மணி அடித்தது. பின்னாலேயே வீட்டுப் படிக்கத்தோடு ஓடிய துரையின் வேலைக்காரன் மாரிச்சாமியை வாசல் சேவகன் மறித்தான்.

"விடுங்கண்ணே. எசமான் வாயில இருக்கு."

"என்ன இருக்கு?"

"பாலம்."

சேவகன் விடவில்லை.

5

சபைத் தலைவரான வெள்ளைக்காரர், நம் துரையின் பெயரைக் கூப்பிட்டார். தீர்மானம் கொண்டுவந்தவர் எழுந்து தம் வாயாலேயே முன்மொழிய வேண்டும். இல்லாவிட்டால் தீர்மானம் செத்தது. காரியஸ்தர் பேச முடியாது. துரை எழுந்தார். கன்னங்கள் இரண்டும்—

(உவமை வேண்டாம். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

முடிவு ஒன்று: விழுங்குகிறார். வெற்றிலையோடு இருந்த புகையிலை தலைக்கேறி மேஜையில் சாய்கிறார். இரக்கப்பட்டுச் சபை தீர்மானத்தை நிறைவேற்றுகிறது. இரக்கப்பட்டுச் சர்க்கார் பாலம் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

முடிவு இரண்டு: கம்பளத்தில் துப்புகிறார். கம்பளமும் சிவப்பு, யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அவருக்குத் தெரியுமே. அத்தனை வாக்கும் முறிந்ததென்று பேச்சு வராமல் உட்கார்ந்துவிடுகிறார்.

முடிவு மூன்று: கம்பீரமாகத் தலையை மட்டும் ஆட்டுகிறார். தீர்மானம் சாகிறது. மறுநாள் பத்திரிகை அவருடைய நிதானத்தைப் புகழ்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருந்தது. எழுதி முடித்துப் பேனாவை மூடினேன்.

6

தைலம்மாள் என் மேஜைமேல் கூடையை இறக்கினாள். "முடிவ எப்படி வேணா வச்சுக்கங்கய்யா. பாலம் வருமா, வராதா? நாளைக்கும் நான் அந்தப் பக்கம் போவணும்."

பேனாவைத் திறந்தேன். மூன்று முடிவுகளையும் அடித்தேன்.

தலைவர் இரண்டாம் முறையும் கூப்பிட்டுவிட்டார். மாரிச்சாமி இன்னும் வாசலில்தான் நிற்கிறான். ஆனால் வாசகரை எந்தச் சேவகனும் மறிப்பதில்லை, நீங்கள் முதலிலிருந்தே உள்ளேதான் இருக்கிறீர்கள். இந்தாருங்கள், லான்மடாவில் நான் வாங்கிய படிக்கம். இது ஊசிக்கரை வீட்டுப் படிக்கம்தான். ஹாஜரா அம்மாளை இப்போது நம்புகிறேன், நம்பித்தான் ஆக வேண்டும். துரை பேசினால் அந்த வோட்டெல்லாம் விழுமா என்று கேட்காதீர்கள். முதலில் வாய் காலியாகட்டும்.

உங்களைப் பார்த்துவிட்டார். இந்தப் பக்கம் குனிகிறார். இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கள்.